செயலிக்கு முன் ஆளைப் பாருங்கள்: திருகோணமலையில் பயனர் ஆய்வுக்குப் புதிதாக இறங்குவோருக்கு

நிரல் எழுதத் தெரியும், திரை வடிவமைக்கவும் ஓரளவு வரும். ஆனால் "பாவிக்கப் போகிறவர்களைப் பார்த்துக் கேட்டுவிட்டு வடிவமை" என்று யாராவது சொன்னால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அப்படி நிற்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. கைநூல்கள் பெரும்பாலும் ஆய்வுகூடம், கண்ணாடிச் சுவர், பங்கேற்பாளரைப் பிடித்துத் தரும் நிறுவனம் என்று பேசும். திருகோணமலையில் உங்களுக்குக் கிடைக்கப் போவது கரையில் மீன் வாடிக்குள் ஒரு பிளாஸ்டிக் கதிரை, பக்கத்தில் ஐஸ் உடைக்கிற சத்தம். அதுவே போதும், ஒழுங்காகத் தயாராகிப் போனால்.

உதாரணங்களைப் பெரும்பாலும் ஒரே வேலையிலிருந்து தருகிறேன்: கரையில் மீன் வாங்கும் முதலாளி ஒருவருக்காகச் செய்த கணக்குச் செயலி. உங்களுடையது நிலாவெளி விருந்தினர் விடுதிக்கான முன்பதிவுத் தளமாகவோ, தனியார் வைத்தியரிடம் நம்பர் எடுக்கும் செயலியாகவோ இருக்கலாம். படிகள் மாறாது.

1. எதைத் தீர்மானிக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்

ஒரு தாள், ஒரு பக்கம். "மக்களுக்கு இந்தச் செயலி பிடிக்குமா?" என்று எழுதினால் அந்தத் தாளைக் கிழித்துவிடலாம். பதில் எப்படி வந்தாலும் உங்கள் திரையில் ஒன்றும் மாறாது. "கணக்குப்பிள்ளை மீன் நிறுக்கும் நேரத்திலேயே போனில் பதிவாரா, அல்லது கொப்பியில் எழுதிவிட்டுப் பின்னேரம் ஏற்றுவாரா?" என்பது நல்ல கேள்வி. முதலாவது என்றால் திரையில் இரண்டே பெட்டிதான் இருக்கலாம். இரண்டாவது என்றால் முழு அட்டவணையே போடலாம். பதிலைப் பொறுத்து வடிவமைப்பு மாற வேண்டும்.

இப்படி 3 அல்லது 4 கேள்விகள் போதும். கீழே, ஒவ்வொன்றுக்கும் இப்போது நீங்கள் என்ன பதிலை நம்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்றும் எழுதி வையுங்கள். முதலாளி கடைசியில் "இது எனக்கு முன்னமே தெரியும்" என்று சொல்லும்போது அந்தத் தாள் உதவும்.

2. யார், எத்தனை பேர்

"ஐந்து பேர் போதும்" என்று எங்கேயாவது படித்திருப்பீர்கள். பாவனை ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் தோமஸ் லாண்டவரும் 1993 இல் வெளியிட்ட கணிப்பிலிருந்து வந்த பேச்சு அது. ஒரு குறையை ஒரு ஆள் சந்திக்கும் வாய்ப்பு சராசரியாக 31 வீதம் என்று எடுத்தால், 5 பேரைச் சோதிக்கும்போது சுமார் 85 வீதக் குறைகள் வெளிப்படும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்: இந்தக் கணக்கு ஒரே மாதிரியான பயனர்களுக்கும், செய்து பார்க்கும் சோதனைக்கும் மட்டுமே பொருந்தும். "திருகோணமலை மக்களில் எத்தனை வீதம் இதை விரும்புவார்கள்" என்று சொல்ல 5 பேர் காணாது.

மீன் கணக்கில் பயனர் ஒரு வகை அல்ல. பதிகிற கணக்குப்பிள்ளை, இரவில் மொத்தத்தைப் பார்க்கிற முதலாளி, தன் வள்ளத்துக்கு எவ்வளவு நின்றது என்று கேட்கிற கடற்றொழிலாளி என்று மூன்று வகை. வகைக்கு 3 அல்லது 4 பேர் என்று தொடங்குங்கள். சல்லியில் மட்டும் பார்த்துவிட்டுக் கிண்ணியாவுக்கும் அதுவே என்று முடிவு கட்டாதீர்கள். கந்தளாய், சேருவில பக்கம் பயனர் இருந்தால் சிங்களத்தில் கதைக்கக்கூடிய ஒருவர் உங்களுடன் வரவேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது சரிவராது. பிள்ளை பாதியை விழுங்கிவிட்டு "ஓமாம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடும்.

ஆள் சேர்ப்பதில் உள்ள கண்ணிகள்: கூடப் படித்தவர்கள், ஒன்றுவிட்ட தம்பி, முதலாளியே தெரிவு செய்து அனுப்பும் "கெட்டிக்காரப் பையன்". மூன்றாவது வகைதான் மிகவும் ஆபத்து. அந்தப் பையனுக்கு எந்தச் செயலியும் வரும். "போன் பாவிக்கவே தெரியாது என்று நீங்கள் நினைக்கிற ஒருவரையும் தாங்கோ" என்று முதலாளியிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

3. ஆவணங்கள்

இதற்குத்தான் நேரம் போகும். ஆகவே இதை முதலில் தொடங்குங்கள்.

அறிமுகக் கடிதம். நீங்கள் யார், எந்த நிறுவனத்துக்காக அல்லது யாருக்காகச் செய்கிறீர்கள், என்ன செய்யப் போகிறீர்கள், எந்தத் திகதிகளில், தொடர்பு இலக்கம். அரைப் பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. கரையில் என்றால் அந்த ஊர் மீனவர் சங்கத் தலைவருக்கு முகவரியிட்டு, கிராம உத்தியோகத்தருக்குப் பிரதி போடுங்கள். கட்டாயம் இல்லைதான். ஆனால் புது ஆள் கொப்பியோடு சுற்றுகிறார் என்று யாராவது அவரிடம் போய்ச் சொல்லும்போது, அவர் ஏற்கெனவே அறிந்திருந்தால் உங்கள் பாடு சுலபம். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் கிடைத்ததாகக் கையெழுத்தும் முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வெறுமனே கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த கிழமை "எந்தக் கடிதம்?" என்பார்கள்.

அரச அலுவலகம் ஒன்றில் பார்ப்பதானால் கடிதம் அலுவலகத் தலைவருக்குப் போகவேண்டும், உதாரணமாகப் பிரதேச செயலாளருக்கு. கவுண்டரில் இருக்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மேலிடத்து அனுமதி இல்லாமல் உங்களிடம் கதைக்க முடியாது. அவரை வற்புறுத்துவதும் நியாயமில்லை. ஒரு அலுவலகத்தில் தமிழ்க் கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு சிங்களத்தில் கொண்டுவரச் சொன்னார்கள்; அதைக் கொண்டுபோனபோது, பொறுப்பானவர் லீவு. ஆகவே இரண்டு மொழியிலும் ஒரே நாளில் கொடுங்கள். பல்கலைக்கழக மாணவர் என்றால் மேற்பார்வையாளரின் கடிதமும், உங்கள் பீடம் கேட்கும் நெறிமுறை அனுமதியும் வேண்டும். வைத்தியசாலையில் நோயாளரைப் பார்ப்பது தனி உலகம். முதல் வேலையாக அதை எடுக்காதீர்கள்.

தகவல் தாளும் சம்மதமும். யார் செய்கிறார்கள், ஏன், எவ்வளவு நேரம், எதைப் பதிவு செய்வோம், யார் கேட்பார்கள், எப்போது அழிப்போம், இடையில் நிறுத்தலாமா. இத்தனையும் ஒரு பக்கத்தில், வாசித்துக் காட்டக்கூடிய தமிழில் இருக்கவேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சும்மா பெயருக்கு வைத்திருக்காதீர்கள். தேவையில்லாத தரவைச் சேர்க்காமலிருப்பதே அதைப் பின்பற்ற மிக மலிவான வழி. அடையாள அட்டை இலக்கம் உங்களுக்கு எதற்கு? வேண்டாம். பெயரும் வேண்டாம், "கணக்கு 1", "வள்ளம் 3" என்று குறியீடு போடுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் இல்லாமல் தொடங்காதீர்கள்.

கையெழுத்து விஷயத்தில் கவனம். நுண்கடன் படிவத்தில் கையெழுத்து வைத்து நொந்துபோன குடும்பங்கள் நம் மாவட்டத்தில் குறைவில்லை. தாளை நீட்டினால் முகம் மாறும். அப்போது கையெழுத்தை விட்டுவிட்டு, தாளை வாசித்துக் காட்டி, "சம்மதம்" என்று அவர் வாயால் சொல்வதை ஒலிப்பதிவில் எடுங்கள்.

இன்னொரு கண்ணி நம் ஊருக்கே உரியது. கொப்பியும் கழுத்துப் பட்டியுமாக ஒருவர் வந்தால் அது ஏதோ உதவித் திட்டப் பதிவு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். போர், சுனாமி என்று எத்தனையோ பதிவுகளைப் பார்த்த மக்கள். உடனே கஷ்டங்களைச் சொல்லத் தொடங்குவார்கள், அல்லது உங்களுக்கு எது பிடிக்கும் என்று பார்த்துப் பதில் சொல்வார்கள். முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள்: "இது உதவித் திட்டம் இல்லை ஐயா, வீடு வள்ளம் ஒன்றும் வராது. ஒரு போன் செயலி செய்யப் போறம், அது சரியா என்று பார்க்க வந்தனாங்கள்." கழுத்துப் பட்டியைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள்.

படம் எடுப்பது. துறைமுகம், கடற்படைத் தளம், பிரட்ரிக் கோட்டைப் பக்கம் கமெராவை வெளியே எடுக்காதீர்கள். கரையில் எடுக்கும்போதும் பின்னணியில் என்ன விழுகிறது என்று பாருங்கள். கைகளையும் கொப்பியையும் மட்டும் எடுத்தால் வேலைக்கும் அதுவே போதும், வம்பும் இல்லை.

4. செலவு

பங்கேற்பவருக்கு நன்றிப்பணம்: ஒரு மணி நேரத்துக்கு 1000 முதல் 1500 ரூபா வரை வைத்துக்கொள்ளுங்கள். 10 பேர் என்றால் 10,000 முதல் 15,000. அரச ஊழியருக்குக் காசு கொடுக்காதீர்கள், தேநீரோடு நிறுத்துங்கள். முதலாளியிடம் வேலை செய்பவருக்கு என்றால், முதலாளிக்குத் தெரியட்டும், ஆனால் அவர் முன்னால் கொடுக்க வேண்டாம்.

எப்போது கொடுப்பது என்பதுதான் முக்கியம். தொடங்க முன்பே கொடுத்துவிடுங்கள். "இது நீங்கள் வந்ததுக்கு. பாதியில் எழும்பிப் போனாலும் உங்களுக்குத்தான்" என்று சொல்லுங்கள். கடைசியில் கொடுப்பதாக வைத்தால், செயலியைப் புகழ்ந்தால்தான் காசு வரும் என்று நினைப்பார்கள். கொடுத்ததற்கு ஒரு சின்ன வவுச்சர் எழுதுங்கள்; பெயருக்குப் பதில் குறியீடு. வாடிக்கையாளரின் கணக்காளர் இதை ஏற்பாரா என்று முதலிலேயே கேட்டு வைக்க வேண்டும்.

மற்றச் செலவுகள் சிறியவை. போட்டோகொப்பி, பஸ், பிளேன்டீ, வாய்ப்பன். மூதூருக்குக் கிண்ணியாப் பாலம் வழியாகப் பஸ்ஸிலேயே போய்விடலாம். குச்சவெளிப் பக்கம் கரைக்கு விடியப்புறம் போவதென்றால் ஓட்டோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிங்களத்தில் உதவி செய்பவருக்கு அரைநாள் கூலி. மென்பொருளுக்குச் செலவே இல்லை: திரை வரைய ஃபிக்மா என்ற மென்பொருளின் இலவசக் கணக்கு போதும், முதல் சுற்றுக்கு அதுகூட வேண்டாம், காகிதம் காணும்.

பெரிய செலவு உங்கள் நேரம். ஒரு மணி நேர ஒலிப்பதிவைச் சொல்லுக்குச் சொல் எழுதினால் குறைந்தது 4 மணி நேரம் போகும். தானாக எழுதித் தரும் கருவிகள் நம் பேச்சுத் தமிழில், அதுவும் அலைச் சத்தத்தோடு, தடுமாறும். முழுதாக எழுதாதீர்கள். அன்றிரவே நினைவிலிருந்து குறிப்பு எழுதி, முக்கியமான இடத்தை மட்டும் ஒலிப்பதிவில் தேடிக் கேளுங்கள்.

5. நேரம், காலம்

ஒரு சுற்றுக்கு 3 கிழமை என்று திட்டமிடுங்கள்: முதல் கிழமை கடிதமும் ஆள் பிடிப்பதும், இரண்டாம் கிழமை களம், மூன்றாம் கிழமை தொகுப்பும் காகித மாதிரியும். கடிதத்துக்குப் பதில் தாமதமானால் எல்லாம் இழுபடும்; வாடிக்கையாளருக்கு 4 கிழமை என்று சொல்லி வையுங்கள்.

நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக் காற்றும் மழையும். கரையில் ஆள் இருக்காது, இருந்தாலும் கதைக்கும் மனநிலையில் இருக்க மாட்டார்கள். விடுதிக்காரரை ஜூலை, ஆகஸ்டில் தேடிப் போகாதீர்கள். அது அவர்கள் உழைக்கிற காலம். ஆனால் முன்பதிவு மேசையில் என்ன நடக்கிறது என்று தள்ளி நின்று பார்க்க அதைவிட நல்ல காலமும் இல்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் வெள்ளி மத்தியானம் வேண்டாம். நோன்பு மாதத்தில் பின்னேரமும் வேண்டாம். ஊர்க் கோயில் திருவிழா என்றால் அந்தக் கிழமையை அப்படியே விட்டுவிடுங்கள். போயா தினம் அரச விடுமுறை, அலுவலக வேலை நடக்காது. அதேநேரம் பௌர்ணமியை ஒட்டிய நிலவுக் காலத்தில் இரவு வலை போடுகிற பலர் கரையில் நின்று வலை பொத்திக்கொண்டிருப்பார்கள். ஆறுதலாகக் கதைக்க அதுதான் நேரம்.

6. போய்ப் பாருங்கள், பேசாதீர்கள்

கேள்வி கேட்க முன், வேலை நடக்கும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். இதைத் தவிர்க்கத்தான் எல்லோரும் காரணம் தேடுவார்கள். கட்டுரையில் ஒரு படியை மட்டும் செய்யலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

மீன் வாடியில் விடிய ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் என்ன தெரியும்? கணக்குப்பிள்ளையின் போன் பொலித்தீன் பைக்குள் இருக்கிறது. பெருவிரல் ஈரம், நகக்கண்ணில் செதில். பைக்கு மேலாலேயே திரையைத் தொடுகிறார். இரண்டு தடவை தொட்டால் ஒரு தடவைதான் பிடிக்கிறது. வெயில் ஏறியதும் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு பார்க்கிறார். ஒரு காதில் முதலாளி போனில் விலை சொல்கிறார். அந்த நேரம் போன் காதில் இருப்பதால் செயலியைத் திறக்கவே முடியாது! இலக்கத்தைச் சிகரெட் பெட்டி அட்டையில் எழுதுகிறார். இதில் ஒன்றையும் அவர் நேர்காணலில் சொல்ல மாட்டார். அவருக்கு அது செய்தியே இல்லை.

அங்கே கிடைத்த இன்னொன்று முழு வடிவமைப்பையும் மாற்றியது. எங்கள் முதல் வரைபில் ஒவ்வொரு கூடைக்கும் வள்ளம், மீன் வகை, நிறை, விலை என்று நான்கு பெட்டி. நேரில் பார்த்தால், ஒரு வள்ளம் வந்தால் அதன் கூடைகள் எல்லாம் வரிசையாகத் தராசில் ஏறி முடியும் வரை வேறு வள்ளத்தை யாரும் தொடுவதில்லை. கீரி மீன் என்றால் எல்லாக் கூடையும் கீரி. கடைசியில் ஒரு சின்னக் கூடையில் பாரையோ அறுக்குளாவோ வரும். விலை அப்போது தெரியாது, கொழும்பு விலை கேட்டுத்தான் பிறகு வரும். ஆகவே வள்ளத்தையும் மீனையும் ஒரு தடவை தெரிவு செய்துவிட்டு, பிறகு நிறையை மட்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக அடித்துக்கொண்டே போக வேண்டும். விலைப் பெட்டி அந்தத் திரையிலேயே இருக்கக்கூடாது.

இதைவிட நுணுக்கமானது முற்பண விஷயம். வலைக்கும் இயந்திரத்துக்கும் முதலாளி கொடுத்த முற்பணம் ஒவ்வொரு வள்ளத்தின் பேரிலும் நிற்கும். வள்ளத்தின் பெயரைத் தொட்டதும் நிலுவை பெரிய எழுத்தில் மேலே வரவேண்டும் என்று முதலாளி கேட்டிருந்தார். எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. கரையில் பார்த்தபோது, நிறுக்கும் இடத்தைச் சுற்றிப் பத்துப் பேர் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கொப்பியில் அந்த நிலுவை எங்கே இருக்கிறது தெரியுமா? கடைசிப் பக்கத்தில். கணக்குப்பிள்ளை அந்தப் பக்கத்தை அங்கே வைத்துத் திறப்பதே இல்லை. கேட்டால், "அதை எல்லாருக்கும் முன்னால எப்படி அண்ணா?" என்றார், நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டது போல. நிலுவை இப்போது தனித் திரையில், இரகசிய இலக்கம் அடித்தால்தான் வரும்.

ஆகவே பழைய கொப்பியைக் கவனமாகப் பாருங்கள். எந்தப் பக்கம் அழுக்கு, எது மடித்து வைத்திருக்கிறது, எங்கே சிவப்புப் பேனை, ஓரத்தில் என்ன கிறுக்கல். திரையில் போட வேண்டிய சொற்களும் அங்கேதான் இருக்கும்; அகராதியில் தேட வேண்டாம். கொப்பியைப் படம் எடுக்க முன் பெயர்களைத் தாளால் மறையுங்கள்.

7. நேர்காணல்

45 நிமிடம், அதற்கு மேல் இழுக்காதீர்கள். வயதானவரை ஐயா, அம்மா என்றும், கிண்ணியா மூதூர்ப் பக்கம் நானா (அண்ணன்), தாத்தா (அக்கா) என்றும் அழைத்துத் தொடங்குவது தானாக வரும். புத்தகத் தமிழில் கேள்வியை வாசிப்பதுதான் கெடுக்கும். கேள்வித் தாள் கையில் இருக்கட்டும், கண் ஆளில் இருக்கட்டும்.

"பாவிப்பீங்களா?" என்று கேட்காதீர்கள். வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் இல்லை என்று சொல்லும் பழக்கம் நம்மவரிடம் கிடையாது. "நல்லாயிருக்கு தம்பி" என்று வரும். "எங்கட மகன் வந்தா பாவிப்பான்" என்று வரும். இதற்கு "நான் பாவிக்க மாட்டேன்" என்றுதான் பொருள், அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். நடந்ததைக் கேளுங்கள்: "கடைசியா கணக்குப் பிழைச்சது எப்ப? அண்டைக்கு என்ன நடந்தது? பிறகு எப்படிச் சரி செய்தீங்க?" ஒன்றைச் சொல்லி முடித்ததும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் சும்மா இருங்கள். தேநீரை ஒரு வாய் குடியுங்கள். அந்த இடைவெளியில்தான் நல்லது வரும்.

முதலாளியும் கணக்குப்பிள்ளையும் ஒன்றாக இருந்தால் அதை நேர்காணலாகக் கணக்கெடுக்காதீர்கள். தனித்தனியே பாருங்கள்.

8. தொகுப்பது

ஒரு குறிப்புக்கு ஒரு சின்னத் தாள். சுவரில் ஒட்டி, ஒத்தவற்றைப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். தலைப்பைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் எழுதினால் உங்கள் எண்ணத்துக்கே எல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும். பார்த்தது ஒரு நிறத் தாள், அவர்கள் சொன்னது இன்னொரு நிறம். இரண்டும் முரண்படும் இடத்தில் பார்த்ததை நம்புங்கள். களத்துக்குப் போகாத ஒருவர் கூட இருந்தால் நல்லது.

9. காகித மாதிரியும் சோதனையும்

போன் அளவுக்கு வெட்டிய தாளில் திரைகளை வரைந்து கொண்டுபோங்கள். பளபளப்பாக இருந்தால் குறை சொல்ல மனம் வராது; கையால் வரைந்தது என்றால் "இதை அழிச்சிட்டு இங்க போடுங்க" என்று பேனையை வாங்குவார்கள். இரண்டாம் சுற்றில் மலிவான அன்ட்ரொயிட் போனில் காட்டுங்கள், முடிந்தால் அவருடைய சொந்தப் போனிலேயே. உங்கள் புதுப் போனில் ஓடுவது ஒன்றையும் நிரூபிக்காது.

பணியைச் சம்பவமாகச் சொல்லுங்கள்: "இப்ப இந்த வள்ளம் மூண்டு கூடை கீரி கொண்டு வந்திருக்கு. எழுதுங்க பார்ப்பம்." "நிறை சேர் என்ற பட்டனை அழுத்துங்கள்" என்று சொன்னால் விடையையே சொல்லிக் கொடுத்ததாகிவிடும். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். முதலில் நீங்களே போனில் அலாம் வைத்தபடி மனதில் ஓடுவதைச் சொல்லிக் காட்டினால் பழகிவிடுவார். தடுக்கி நிற்கும்போது உதவக் கை பரபரக்கும். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். "சோதிக்கிறது செயலியை, உங்களை இல்லை" என்று தொடங்கும்போதும், அவர் தடுமாறும்போதும் சொல்லுங்கள்.

நம் இடத்தில் தவறாமல் வெடிக்கும் சில இடங்கள் உண்டு. அவற்றைச் சோதனைக்கு முன்பே பார்த்துவிட்டால் பங்கேற்பவரின் நேரம் மிச்சம்.

அடையாள அட்டைப் பெட்டி 12 இலக்கத்தை மட்டும் ஏற்றால், 9 இலக்கமும் ஒரு எழுத்தும் உள்ள பழைய அட்டைக்காரர் அங்கேயே நின்றுவிடுவார். 12 இலக்க அட்டை 2016 இல்தான் வந்தது. பழையது இன்னும் நிறையப் பேரிடம் இருக்கிறது. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டாயப் பெட்டி போட்டால் நம்மவர் என்ன செய்வார்? முதலெழுத்தை ஒன்றிலும், தகப்பன் பெயரை மற்றதிலும், அல்லது மாறியும் போடுவார். "முழுப்பெயர்" என்று ஒரே பெட்டி போதும். அஞ்சல் குறியீட்டைக் கட்டாயமாக்காதீர்கள். வீட்டு இலக்கம் இல்லாத முகவரியும் முகவரிதான்.

தமிழ் எழுத்து. ஆங்கிலத்தில் அளவெடுத்த பட்டனுக்குள் தமிழ்ச் சொல் அடங்காது. வரைபைத் தமிழிலேயே தொடங்குங்கள். வரிகளுக்கு இடையே இடம் தாராளமாக விடுங்கள், இல்லாவிட்டால் மேல்வரியின் உகரக் கால் கீழ்வரியின் மெய்ப்புள்ளியில் போய் மோதும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு இலவசம், திரையில் தெளிவு. டைப்பிங் கடையில் மொழிபெயர்ப்பு அடிக்கக் கொடுத்தால் யூனிகோட்டில் வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள்; பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் அடித்து வந்தால் செயலியில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். போனில் தமிழ் அடிக்கச் சிரமப்படுவோர் அதிகம். ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பார்கள், இல்லாவிட்டால் குரல் செய்தி போடுவார்கள். தட்டச்சைக் கேட்காமல் தெரிவு செய்ய விடுங்கள்.

பட்டன் அளவுக்கு அன்ட்ரொயிட் வழிகாட்டல் 48 அலகு (dp) என்கிறது, கையில் சுமார் 9 மில்லிமீற்றர். ஈரக் கைக்கு அதற்கும் மேல் போங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு 4.5க்கு 1 என்பது, பார்வை குறைந்தவரும் வாசிக்க வேண்டும் என்ற அணுகல் விதி. கரை வெயிலுக்கு அது ஆரம்பம்தான். வெளியே நின்று பார்த்துத் தீர்மானியுங்கள்.

10. எண் கேட்டால்

வாடிக்கையாளர் எண் கேட்பார். எத்தனை பேரில் எத்தனை பேர் உதவியின்றி முடித்தார்கள் என்று சொல்லுங்கள்: "7 பேரில் 4 பேர்". இதை வீதமாக்காதீர்கள், 57 வீதம் என்றால் ஏதோ பெரிய ஆய்வு போலத் தோன்றும்.

பாவிக்க எவ்வளவு சுலபம் என்று அளக்க, ஜோன் புரூக் உருவாக்கிய 10 கூற்று வினாத்தாளும் (SUS) பாவிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பு. ஒற்றை எண் கூற்றில் மதிப்பிலிருந்து 1ஐக் கழியுங்கள், இரட்டை எண் கூற்றில் 5இலிருந்து மதிப்பைக் கழியுங்கள், கூட்டி 2.5 ஆல் பெருக்கினால் 100க்கு ஒரு எண் வரும். 68 சராசரி என்று கொள்வார்கள். சிக்கல் என்னவென்றால் அதில் பாதிக் கூற்றுகள் எதிர்மறை. "இது தேவையில்லாமல் சிக்கலானது" என்பதற்கு "இல்லை" என்று சொல்ல நினைத்து 5ஐ வட்டமிடுவோர் உண்டு. வாசித்துக் காட்டி, வாயால் பதில் வாங்கி, நீங்களே வட்டமிடுங்கள். 5, 6 பேரிடம் எடுத்த எண்ணைப் பெரிதாகத் தூக்கிப் பிடிக்க வேண்டாம்.

11. அறிக்கையும் பில்லும்

நீண்ட அறிக்கையை யாரும் வாசிப்பதில்லை. 2 பக்கம், அதோடு ஈரக் கை பொலித்தீனுக்கு மேலால் தொடுகிற 30 விநாடி வீடியோ, முகம் தெரியாமல், சம்மதத்தோடு. கண்ட குறைகளை வரிசைப்படுத்த மூன்று கேள்வி போதும்: எத்தனை பேர் தடுக்கினார்கள், தடுக்கினால் காசு தவறுமா, இரண்டாம் தடவை தானாகப் பழகிவிடுமா.

"இந்த ஆய்வு ஏன், திரையை வரைஞ்சு தாங்கோ" என்று கேட்கிறவர் இருப்பார். மனிதரை மையமாக வைத்து வடிவமைப்பது பற்றிய சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 9241 இன் 210 ஆம் பகுதி இதைத்தான் கேட்கிறது என்று சொல்லலாம்: பாவனைச் சூழலை அறி, தேவையைக் குறி, வடிவமை, பயனரோடு மதிப்பிடு, பிறகு திரும்பவும். கேள்விப்பத்திரம் போடும் நிறுவனங்களிடம் இது எடுபடும். மீன் முதலாளியிடம் எடுபடாது. அவரிடம், கட்டி முடித்த பிறகு நான்கு பெட்டியை இரண்டாக்க எத்தனை நாள் கூலி கூடும் என்று கணக்குக் காட்டுங்கள்.

விலைமனுவில் "ஆய்வு" என்று தனி வரி போட்டால் முதலில் வெட்டுப்படுவது அதுதான். "திரை வடிவமைப்பு: கள அவதானிப்பும் 2 சுற்றுச் சோதனையும் உட்பட" என்று ஒரே வரியாகப் போடுங்கள். நன்றிப்பணமும் பயணமும் மட்டும் கீழே தனியாக, பற்றுச்சீட்டுக்கு ஏற்ப என்று. முற்பணமாகப் பாதியைக் கடிதங்கள் கொடுக்கும் நாளிலேயே கேளுங்கள். நன்றிப்பணம் உங்கள் கையிலிருந்துதான் முதலில் போகும். ஒலிப்பதிவுகளை எந்தத் திகதியில் அழிப்பீர்கள் என்பதையும் அதே விலைமனுவில் எழுதிவிடுங்கள். பிறகு வாடிக்கையாளர் "அந்தப் பையன் என்ன சொன்னான், ஒருக்கால் போடுங்கோ" என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கும்.